ட்ரோன் வரைபடம் பளிச்சென்று இருக்கிறது, உயரம் மட்டும் பொருந்தவில்லை: ஏன், எப்படிச் சரிசெய்வது?

கேள்வி இதுதான்: ஒரு கிலோமீட்டர் நீளமும் அரை கிலோமீட்டர் அகலமும் உள்ள 50 ஹெக்டேர் நிலம். ஓர் அங்குல சென்சார் கேமரா உள்ள சாதாரண ட்ரோனை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டு, கேமராவை நேர்கீழாக வைத்துப் படமெடுத்தாயிற்று. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடத்தையும் உயரத்தையும் தரையில் துல்லியமாக அளந்த அடையாளங்கள்) எதுவும் வைக்கவில்லை. மென்பொருள் அறிக்கையில் 2.74 செ.மீ. என்று வருகிறது. ஆனால் தட்டையான வயலின் நடுப்பகுதி ஓரங்களைவிட அரை மீட்டர் மேடாகத் தெரிகிறது. பக்கத்திலிருக்கும் பெஞ்ச்மார்க் (உயரம் பொறித்த அளவைக் கல்) உயரத்தோடு ஒப்பிட்டால் வரைபடம் பல பத்து மீட்டர் விலகி நிற்கிறது. இதிலிருந்து சமஉயரக் கோடுகள் போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். உங்களிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பிழைகள். மேடு லென்ஸ் கணக்கிலிருந்து வருகிறது. பல பத்து மீட்டர் விலகல் உயரத்தை எதிலிருந்து அளக்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. இரண்டையும் சரிசெய்ய முடியும். அதற்கு முன்னால் அந்த 2.74 என்ற எண்ணைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத்தான் துல்லியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அது தரைப் பிக்சல் அளவு. ஓர் அங்குலம் என்பது சென்சார் வகையின் பெயர்தான்; அதன் உண்மையான அகலம் 13.2 மி.மீ., குவியத்தூரம் 8.8 மி.மீ., படத்தின் அகலம் 5472 பிக்சல். 13.2-ஐ 8.8-ஆல் வகுத்தால் 1.5. ஆகவே 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு படம் தரையில் 150 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 150 மீட்டரை 5472-ஆல் வகுத்தால் 2.74 செ.மீ. ஒரு பிக்சலுக்குள் தரையில் எவ்வளவு இடம் அடங்குகிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அந்த இடம் உலகத்தில் சரியான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மில்லிமீட்டர் கோடு போட்ட நாடாவைத் தவறான கல்லிலிருந்து பிடித்து அளந்தால் வரும் அளவு போன்றது அது. கட்டுப்பாடு நன்றாக அமைந்த வேலையில் கிடைமட்டத்தில் ஒன்று முதல் இரண்டு பிக்சல், உயரத்தில் ஒன்றரை முதல் மூன்று பிக்சல் வரை பிழை எதிர்பார்க்கலாம். உங்கள் பிக்சலுக்கு அது கிடைமட்டத்தில் 3 முதல் 5 செ.மீ., உயரத்தில் 4 முதல் 8 செ.மீ. சமஉயரக் கோட்டு இடைவெளி உயரப் பிழையைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது நல்ல வழக்கம். எனவே இந்த உயரத்தில் பறந்தால் 25 செ.மீ. கோடுகளை நம்பிக்கையாகப் போடலாம், 10 செ.மீ. கோடுகளைப் போடக்கூடாது. மென்பொருள் கேட்டால் 1 செ.மீ. கோடுகூடப் போட்டுக் கொடுக்கும், அது வேறு விஷயம்.

இப்போது அந்த மேடு. மென்பொருள் படங்களைப் பொருத்தும்போது கேமரா எங்கே நின்றது என்பதை மட்டும் கண்டுபிடிப்பதில்லை. குவியத்தூரம் எவ்வளவு, லென்ஸ் ஓரங்களில் எவ்வளவு வளைக்கிறது என்பதையும் அதே கணக்கில் தானே ஊகிக்கிறது. எல்லாப் படங்களும் ஒரே உயரத்திலிருந்து நேர்கீழாகப் பார்த்தால், லென்ஸ் வளைவைச் சற்றுத் தவறாக எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக நிலத்தையே கிண்ணம்போலவோ கவிழ்த்த கிண்ணம்போலவோ வளைத்துவிட்டாலும் படங்கள் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்தும். அறிக்கையில் பொருத்தப் பிழை அரைப் பிக்சல் என்று அழகாக வரும். கணக்குக்கு உள்ளேயிருந்து பார்த்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. அதனால்தான் நிலம் தட்டை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது பெரிய உதவி. மேடுபள்ளமான நிலமாக இருந்திருந்தால் அந்த அரை மீட்டர் யார் கண்ணிலும் படாமல் வாய்க்கால் வடிவமைப்புக்குள் போயிருக்கும்.

இதற்கு மருந்து, எல்லாப் படங்களும் ஒரே பார்வையில் இல்லாமல் செய்வது. முதன்மைப் பறத்தல் முடிந்ததும், கேமராவை நேர்கீழிலிருந்து 20 முதல் 30 பாகை சாய்த்து, முதல் கோடுகளுக்குக் குறுக்காகச் சில கோடுகள் பறந்துவிடுங்கள். மொத்தப் படங்களில் பத்தில் ஒரு பங்கு சாய்வாக இருந்தாலே வளைவு பெருமளவு அடங்கிவிடும். குறுக்குக் கோடுகளை 15 முதல் 20 மீட்டர் கூடுதல் உயரத்தில் பறந்தால் குவியத்தூரக் கணக்கும் உறுதிப்படும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, ஒருமுறை தூரத்துக்கு ஃபோகஸ் வைத்து அப்படியே பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் மாறினால் குவியத்தூரமும் கொஞ்சம் மாறும், அப்போது மென்பொருள் ஊகிப்பது இல்லாத ஒரு கேமராவை. கேமராவுக்குள்ளேயே லென்ஸ் வளைவைத் திருத்தும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே அரைகுறையாகத் திருத்திய படத்துக்கு மாதிரி போடுவது மென்பொருளுக்குக் கடினம்.

மறுபடி பறக்க வழியில்லை என்றால், ஏற்கெனவே எடுத்த படங்களில் தெளிவாகத் தெரிகிற நிலையான மூலைகளைத் தேடுங்கள்: மதகுச் சுவரின் மேல்மூலை, கான்கிரீட் மேடையின் விளிம்பு, சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டின் முனை. ரோவரை (கம்பியில் பொருத்தி எடுத்துச்செல்லும் செயற்கைக்கோள் அளவைக் கருவி) எடுத்துக்கொண்டு போய் அவற்றை அளந்து கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுங்கள். ஓரங்களில் மட்டும் எடுத்தால் போதாது, நடுவிலும் இரண்டு மூன்று வேண்டும். ஓரத்தில் மட்டும் ஆணி அடித்த துணி நடுவில் உப்புவது போலத்தான் இதுவும்.

இரண்டாவது பிழைக்கு வருவோம். செயற்கைக்கோள் அளவைக் கருவி தரும் உயரம் எலிப்சாய்டு என்ற கணிதப் பரப்பிலிருந்து அளந்தது. பெஞ்ச்மார்க்கில் பொறித்திருப்பது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். இந்த இரண்டு பரப்புகளும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு பரப்பு, இந்தியப் பெருங்கடலில் எலிப்சாய்டுக்குச் சுமார் 106 மீட்டர் கீழேயும், நியூ கினி பக்கம் சுமார் 85 மீட்டர் மேலேயும் இருக்கிறது. ஆகவே பல பத்து மீட்டர் வித்தியாசம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கருவி தந்த உயரத்திலிருந்து அந்த இடத்தின் ஜியாய்டு வேறுபாட்டைக் (ஜியாய்டு எலிப்சாய்டுக்கு எவ்வளவு மேலே என்ற அளவு; கீழே என்றால் எதிர்க்குறி) கழித்தால் கடல்மட்ட உயரம் கிடைக்கும். வேறுபாடு எதிர்க்குறியில் இருந்தால், கழிக்கும்போது உயரம் கூடும். இந்தக் குறியைத் தலைகீழாகப் போட்டுப் பிழையை இரட்டிப்பாக்குவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. இ.ஜி.எம். 2008 போன்ற உலக ஜியாய்டு மாதிரியோ, நாட்டின் அளவைத் துறை வெளியிட்ட மாதிரியோ பயன்படுத்தலாம். எதைப் பயன்படுத்தினாலும் குறைந்தது மூன்று பெஞ்ச்மார்க்குகளில் ரோவரை நிறுத்திப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் அதை மொத்தமாகக் கழித்துவிடலாம். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வந்தால், மாதிரியோ பெஞ்ச்மார்க்கில் ஒன்றோ சரியில்லை என்று அர்த்தம். அதைத் தீர்க்காமல் மேலே போகக்கூடாது.

இதோடு இன்னொன்றும் கலந்திருக்கலாம். ஆர்.டி.கே. (பறக்கும்போதே செயற்கைக்கோள் இடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் வசதி) இல்லாத சாதாரண ட்ரோன் படத்தில் எழுதி வைக்கும் உயரம் காற்றழுத்தமானியைச் சார்ந்தது. பறக்கும்போது ஏற்படும் உயர மாற்றத்தை அது நன்றாகச் சொல்லும். ஆனால் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டால் தாராளமாகத் தவறும். அந்த எண்ணை நம்பி ஜியாய்டு திருத்தம் செய்வதில் பயனில்லை. தரையில் அளந்த புள்ளிகளைக் கொடுத்த பிறகுதான் திருத்தத்துக்குப் பொருள் உண்டு.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எப்படி வைப்பது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், வரைபடத்தின் தரம் உண்மையில் முடிவாவது இங்கேதான். உங்கள் பிக்சலுக்கு 50 முதல் 60 செ.மீ. சதுரப் பலகை போதும். அதை நான்கு கட்டங்களாகப் பிரித்து, எதிரெதிர்க் கட்டங்களில் கருப்பும் வெள்ளையும் பளபளப்பில்லாமல் பூசுங்கள். பளபளக்கும் வெள்ளை வெயிலில் பொங்கிப் பக்கத்துப் பிக்சல்களையும் நனைத்துவிடும், நடுப்புள்ளி எங்கே என்று தெரியாது. நடுவில் ஆணி அடித்து, ரோவர் கம்பியின் முனையை அந்த ஆணித் தலையில் வையுங்கள். இரண்டு மீட்டர் கம்பி ஒரு பாகை சாய்ந்தால் உச்சியிலிருக்கும் ஆன்டெனா 3.5 செ.மீ. நகர்கிறது. ஒரு பிக்சலைவிட அதிகம். கையால் பிடிக்காமல் இருகால் தாங்கியில் நிறுத்திக் குமிழியைப் பார்த்து அளந்தால் இந்தப் பிழை போய்விடும். கம்பி உயரத்தைக் கருவியில் சரியாகத் தட்டினீர்களா என்று இருமுறை பாருங்கள். 2.00 மீட்டருக்குப் பதில் 1.80 என்று தட்டிவிட்டால் 20 செ.மீ. பிழை அமைதியாக உள்ளே நுழைந்துவிடும். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு மூன்று நிமிடம் சராசரி எடுத்து அளந்து, குறைந்தது அரை மணி நேரம் கழித்து, ரோவரின் செயற்கைக்கோள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைத்து மறுபடி அளக்கவும். இரண்டும் 2 செ.மீ.-க்குள் ஒத்துவர வேண்டும்.

50 ஹெக்டேருக்கு எட்டு முதல் பத்து கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வையுங்கள். நான்கு மூலைகள், நீண்ட பக்கங்களின் நடுவே ஒவ்வொன்று, உள்ளே இரண்டு முதல் நான்கு. நிலத்தின் மிக உயர்ந்த இடமும் மிகத் தாழ்ந்த இடமும் இதில் அடங்க வேண்டும். மூலைப் பலகையை எல்லையிலேயே வைக்காமல் சற்று உள்ளே தள்ளி வையுங்கள், பறக்கும் பரப்பையோ எல்லைக்கு வெளியே ஒரு கோடு நீட்டுங்கள். எந்தப் பலகையும் ஐந்தாறு படங்களுக்குக் குறையாமல் தெரிய வேண்டும். மரத்தடியில், சுவர் ஓரத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் பலகை வைக்காதீர்கள்.

இவற்றுக்கு மேல், கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைக்கும் சரிபார்ப்புப் புள்ளிகள் வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளியில் தெரியும் பிழை சிறிதாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, மென்பொருள் அவற்றை நோக்கித்தான் நிலத்தை இழுத்திருக்கிறது. இழுக்கப்படாத புள்ளியில் எவ்வளவு விலகுகிறது என்பதுதான் உண்மையான துல்லியம். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.ஆர்.எஸ். என்ற படவழி அளவையாளர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தரநிலை, முறைப்படி துல்லியத்தை அறிவிக்கக் குறைந்தது 30 சரிபார்ப்புப் புள்ளிகள் கேட்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு அத்தனை வேண்டாம், பத்துப் புள்ளிகளாவது வையுங்கள். இவற்றுக்குப் பலகை தேவையில்லை. உயரத்தை மட்டும் சரிபார்க்க வெறுந்தரையில் ரோவரை நிறுத்தி எடுத்த புள்ளிகளே போதும்.

ஆர்.டி.கே. ட்ரோன் வாங்கினால் இதெல்லாம் வேண்டாமே என்று அடுத்து தோன்றும். குறையும், முழுக்கப் போகாது. ஆர்.டி.கே. ட்ரோன் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் சொல்கிறது, அதனால் கிண்ண வளைவும் பெரும்பாலும் அடங்குகிறது. ஆனால் குவியத்தூரக் கணக்கில் வரும் பிழை அப்படியே உயரத்தில் இறங்கும். இந்தக் கேமராவின் குவியத்தூரம் பிக்சல் கணக்கில் 3648. அதில் 2 பிக்சல் தவறினால் 100 மீட்டர் உயரத்தில் 5.5 செ.மீ. உயரப் பிழை வரும், அதுவும் நிலம் முழுக்கச் சீராக. தரையில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியாவது இருந்தால்தான் அது வெளிப்படும். அதைவிடப் பெரிய ஆபத்து பேஸ் ஸ்டேஷன், அதாவது ட்ரோனின் இடத்தைத் திருத்தத் தரையில் நிறுத்தும் கருவி. அதைத் தெரிந்த புள்ளியில் நிறுத்தாமல், தானே இடத்தைச் சராசரி எடுத்துக்கொள்ளும்படி விட்டால், ஒட்டுமொத்த வரைபடமும் ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்துவிடலாம். உள்ளுக்குள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்து வரைபடத்தோடு ஒட்டும்போதுதான் தெரியவரும். பறந்து முடிந்ததும் எத்தனை படங்கள் ஃபிக்ஸ்டு (இடம் உறுதியாகத் தீர்ந்தவை), எத்தனை ஃப்ளோட் (முழுதாகத் தீராதவை) என்று பாருங்கள். ஃப்ளோட் படங்கள் வரிசையாக ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்தக் கோட்டை மறுபடி பறப்பதுதான் நேர்மை. பி.பி.கே. முறையில் பேஸின் பதிவுக் கோப்பை வைத்துப் பின்னர் கணக்கிடலாம். வழியில் ரேடியோ தொடர்பு விட்டுப்போனாலும் கவலையில்லை என்பதால் பெரிய நிலங்களுக்கு அதுவே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

பறக்கும் திட்டத்தில் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு படம் தரையில் 150-க்கு 100 மீட்டர். முன்பக்க ஓவர்லேப் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவு) 80 சதவீதம் என்றால் 20 மீட்டருக்கு ஒரு படம். பக்கவாட்டு ஓவர்லேப் 70 சதவீதம் என்றால் கோடுகளுக்கு நடுவே 45 மீட்டர். உங்கள் நிலத்துக்கு 13 கோடுகள், கோட்டுக்கு 53 படம் அளவில் மொத்தம் சுமார் 690 படங்கள். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இரண்டரை வினாடிக்கு ஒரு படம், கோடுகளின் நீளம் மட்டுமே 13 கிலோமீட்டர், 27 நிமிடம். திரும்பும் நேரத்தையும், முப்பது சதவீத பேட்டரி மிச்சம் வைத்து இறங்குவதையும் சேர்த்தால் இரண்டு பேட்டரி.

ஷட்டர் வேகத்தை ஆட்டோவில் விடாதீர்கள். 8 மீட்டர் வேகத்தில் 1/1000 வினாடி என்றால் படம் பதிவாகும் நேரத்தில் ட்ரோன் 8 மி.மீ. நகரும், மூன்றில் ஒரு பிக்சலுக்கும் குறைவு, பரவாயில்லை. 1/250 என்றால் 3.2 செ.மீ., ஒரு பிக்சலைத் தாண்டிவிடும், விளிம்புகள் மசமசக்கும். மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமராவில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே 30 மில்லிவினாடி போனால், அதற்குள் ட்ரோன் 24 செ.மீ. முன்னேறியிருக்கும். ஏறத்தாழ ஒன்பது பிக்சல். மென்பொருளில் ரோலிங் ஷட்டர் திருத்தத்தைப் போட்டுக்கொண்டு, வேகத்தையும் பாதியாகக் குறைப்பது நல்லது.

ஓவர்லேப் சதவீதம் புறப்பட்ட இடத்தின் தரைமட்டத்துக்குத்தான் பொருந்தும் என்பது பலருக்கும் நினைவிருப்பதில்லை. நிலம் ஒரு பக்கம் 50 மீட்டர் உயர்ந்தால், அங்கே ட்ரோனுக்கும் தரைக்கும் நடுவே 50 மீட்டர்தான் மிச்சம். படத்தின் பரப்பு பாதியாகச் சுருங்குவதால் 80 சதவீதம் 60 ஆகிறது, 70 சதவீதம் 40 ஆகிறது. அந்தப் பக்கவாட்டு ஓவர்லேப்பில் படங்கள் பொருந்தாமல் ஓட்டை விழும். மேடான நிலத்தில் தரையைப் பின்தொடர்ந்து பறக்கும் முறையைப் போடுங்கள். உயரமான மரங்களுக்கு மேலேயும் இதே கதைதான், அங்கே ஓவர்லேப்பை 85-க்குக் கூட்டுங்கள். காற்றில் அசையும் பயிர், அலையடிக்கும் நீர், ஒரே நிறமான மணல் ஆகியவற்றில் மென்பொருளால் ஒரே புள்ளியை இரண்டு படங்களில் அடையாளம் காண முடியாது. நீர்ப்பரப்பில் முள்முள்ளாக நிற்கும் உயரங்களை அழித்துவிட்டு, கரையில் அளந்த நீர்மட்டத்தை வைத்து நிரப்புங்கள்.

வரைபடம் கையில் வந்தபின் அளக்கும்போதும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று, கட்டடம். படத்தின் நடுவிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிற்கும் 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் கூரை, 100 மீட்டரிலிருந்து எடுத்த படத்தில் வெளிப்பக்கமாக 4.4 மீட்டர் சாய்ந்து தெரியும். ஆர்த்தோ படம் (எல்லா இடத்தையும் நேர்மேலிருந்து பார்ப்பதுபோல் மென்பொருள் திருத்தி ஒட்டிய படம்) இதைத் திருத்துகிறது, ஆனால் கூரை விளிம்புகளில் அரைகுறையாக. அதனால் எல்லைச் சுவரையும் கட்டட மூலையையும் படத்தில் பார்த்துக் கோடு இழுக்காமல், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளங்கள். வேலிச் செடிக்கு அடியில் இருக்கும் எல்லைக் கல்லை எந்தக் கேமராவும் பார்க்காது. இரண்டு, யு.டி.எம். தளம், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் வரைபட முறை. நடுத் தீர்க்கரேகையில் அதன் அளவுகோல் 0.9996. தரையில் ஒரு கிலோமீட்டர், வரைபடத்தில் 999.6 மீட்டர். நாடாவால் அளந்தவர் 40 செ.மீ. வித்தியாசம் சொன்னால் அவரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். பரப்பளவில் இது பத்து ஹெக்டேருக்கு 80 சதுர மீட்டர் குறைவாக வரும்.

நிலம் அடர்ந்த மரமும் புதருமாக இருந்தால் கேமராவை விட்டுவிடுங்கள். படத்தில் தெரிவது இலையின் மேல்பரப்பு மட்டுமே. லைடார் கருவியின் லேசர் துடிப்புகளில் ஒரு பகுதி இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும், அந்தக் கடைசி எதிரொலிகளிலிருந்து தரையைப் பிரித்தெடுக்கலாம். நெருங்கி வளர்ந்த புல்லுக்கு அதுவும் உதவாது, புல்லின் உயரத்தையே தரை என்று சொல்லும்.

இனி உங்கள் வேலையின் வரிசை. பலகைகளை வைத்து அளந்து, நேர்கீழ்க் கோடுகளோடு சாய்வுக் குறுக்குக் கோடுகளும் பறந்து, ஜியாய்டு திருத்திய உயரங்களைக் கொடுத்துக் கணக்கிடுங்கள். பிறகு சரிபார்ப்புப் புள்ளிகளின் விலகல்களைச் சராசரியாக மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வரைபடத்தின் மீதே எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே குறியில் 5, 6, 7 செ.மீ. என்று வந்தால் குவியத்தூரமோ கம்பி உயரமோ தவறியிருக்கிறது. நடுவில் கூட்டலும் ஓரத்தில் கழித்தலுமாக வந்தால் வளைவு இன்னும் போகவில்லை. ஒரேயொரு புள்ளி மட்டும் தனியே 20 செ.மீ. விலகினால் அந்த இடத்துக்குப் போய் மறுபடி அளங்கள். பெரும்பாலும் பலகை நகர்ந்திருக்கும், அல்லது புள்ளி எண் மாறிப் பதிவாகியிருக்கும். கூட்டலும் கழித்தலும் கலந்து, 8 செ.மீ.-க்குள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறியிருந்தால், மரங்களையும் கூரைகளையும் நீக்கிய தரை மாதிரியிலிருந்து 25 செ.மீ. கோடுகளைப் போடத் தொடங்கலாம்.